பழைய காருக்குக் கட்டிய காசும் பிந்தி வந்த மறுமொழியும்

கேள்வி: வணக்கம். நான் இங்கிலாந்தில், மிட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிறேன். நவம்பர் கடைசியில் பழைய காரை விற்றுவிட்டு வேறொன்று வாங்கினேன். டிசம்பர் 14, சனிக்கிழமை, மகளை மிருதங்க வகுப்பில் விட்டுவிட்டு, கடைத்தெருவில் கவுன்சிலின் பார்க்கிங் கட்டம் ஒன்றில் காரை நிறுத்தினேன். போன் ஆப்பில் இரண்டு மணி நேரத்துக்கு 2.80 பவுண்ட் கட்டினேன். திரும்பி வந்தால் கண்ணாடியில் டிக்கெட். காசு கட்டாமல் நிறுத்தியது, கோட் 11, தண்டம் 50 பவுண்ட், 14 நாளுக்குள் கட்டினால் 25. ஆப்பைத் திறந்து பார்த்தேன். காசு போயிருக்கிறது, ஆனால் விற்ற காரின் நம்பருக்கு! அன்றிரவே இணையத்தில் எழுதினேன். ஜனவரி 6 அன்று மறுத்துவிட்டார்கள். 25 பவுண்ட் சலுகையை மட்டும் இன்னும் 14 நாள் நீட்டினார்கள். நான் கட்டவில்லை. பிறகு கார் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குக் கவுன்சில் அனுப்புகிற 'நோட்டீஸ் டு ஓனர்' வந்தது. பிப்ரவரி 4 அன்று வங்கி அறிக்கையையும் சேர்த்துத் திரும்ப எழுதினேன். கிடைத்தது என்று அன்றே ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்போது ஏப்ரல் 7 திகதியிட்ட மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது. 50 பவுண்ட் கட்டு, இல்லையென்றால் தீர்ப்பாயத்துக்குப் போ என்கிறார்கள். மகன் "கட்டித் தொலையுங்கள் அப்பா" என்கிறான். மச்சான் "ஒன்றும் செய்யாதே, மறந்துவிடுவார்கள்" என்கிறார். டிக்கெட் எழுதுகிறவர்களுக்குக் கமிஷன் உண்டாமே? ஒரு கட்டத்துக்கு இரண்டு தரம் காசு வாங்குவது எந்த ஊர் நியாயம்? நான் என்ன செய்ய?

பதில்:

ஐயா, மகன் சொல்வதைக் கேட்க வேண்டாம். மச்சான் சொல்வதைக் கேட்கவே வேண்டாம். தீர்ப்பாயத்துக்குப் போங்கள்.

உங்கள் கடிதம் நாலு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அதில் மூன்றரைப் பக்கம் ஆப்பைப் பற்றியும் கவுன்சிலின் கல்மனசைப் பற்றியும். எல்லாம் உண்மை, உங்கள் இடத்தில் இருந்தால் எனக்கும் வயிறு எரிந்திருக்கும். ஆனால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த மூன்றரைப் பக்கம் அல்ல. போகிற போக்கில் இரண்டு திகதிகளை எழுதியிருக்கிறீர்கள்: பிப்ரவரி 4, ஏப்ரல் 7. வழக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

இங்கிலாந்தில் கவுன்சில் பார்க்கிங் டிக்கெட்டுகள் 2004ஆம் ஆண்டுப் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆட்சேபம், முறையீடு பற்றிய விதிகள் 2022இல் புதிதாக எழுதப்பட்டன. நோட்டீஸ் டு ஓனர் வந்த பிறகு நீங்கள் முறைப்படி ஆட்சேபித்தால், அது கவுன்சிலின் கையில் சேர்ந்த நாளையும் சேர்த்து 56 நாளுக்குள் அவர்கள் முடிவை உங்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். தவறினால் உங்கள் ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். காரணம் சரியா பிழையா என்ற பேச்சே அதற்குப் பிறகு இல்லை. உங்களுக்கு 28 நாள் என்று கெடு வைக்கிற அதே விதிகள் அவர்களுக்கும் ஒரு கெடு வைத்திருக்கின்றன. உங்களுக்கு வந்த கடிதங்களில் முதலாவதைத்தான் தடித்த எழுத்தில் அச்சடித்திருப்பார்கள்.

இனி நாட்காட்டியை எடுங்கள். பிப்ரவரி 4 முதல் நாள். பிப்ரவரி 28உடன் 25 நாள். மார்ச் மாதத்தின் 31 நாளையும் கூட்டினால் 56. ஆக மார்ச் 31 இரவோடு அவர்களின் நேரம் முடிந்துவிட்டது. கடிதத்தின் திகதியே ஏப்ரல் 7. தபாலில் போட்ட கடிதம் பொதுவாக இரண்டாவது வேலைநாளில் சேர்ந்ததாகக் கணக்கு, அதாவது ஏப்ரல் 9. எந்தத் திகதியை எடுத்தாலும் குறைந்தது ஒரு கிழமை பிந்திவிட்டார்கள்.

துள்ளிக் குதிக்க முன் மூன்று விஷயத்தைச் சரிபாருங்கள்.

முதலாவது, பிப்ரவரி 4 அன்று நீங்கள் எழுதியது நோட்டீஸ் டு ஓனருக்கான மறுமொழிதானா? டிசம்பர் 14 இரவு எழுதியது வேறு வகை. கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியதும் எழுதுவது முறைசாரா ஆட்சேபம். அதற்கு இந்த 56 நாள் விதி கிடையாது. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, முதல் கடிதத்திலிருந்து நாள் எண்ணி, தீர்ப்பாயத்தில் போய் மூக்குடைபடுகிறார்கள். நீங்கள் சொல்கிற வரிசையைப் பார்த்தால் உங்களுடையது சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்த மின்னஞ்சலைத் திறந்து, முறைசாரா ஆட்சேபமா, நோட்டீஸ் டு ஓனருக்கான ஆட்சேபமா, எது என்று எழுதியிருக்கிறார்கள் என்று ஒருதரம் வாசியுங்கள்.

இரண்டாவது, ஸ்பாம் பெட்டி. இணையத்தில் ஆட்சேபம் போடும்போது 'மறுமொழியை மின்னஞ்சலில் அனுப்பலாம்' என்ற பெட்டியில் சரி போட்டீர்களா? போட்டிருந்தால், மார்ச்சிலேயே ஒரு மறுப்பு மின்னஞ்சல் வந்து, கடன் தருகிறோம் என்கிற விளம்பரங்களுக்கு நடுவில் கிடக்கலாம். அப்படி ஒன்று இருந்தால் இந்தப் பதிலில் பாதி செல்லாது. இல்லாவிட்டால், இல்லை என்பதையும் தீர்ப்பாயத்துக்கு எழுதுங்கள்.

மூன்றாவது, 'உங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலிக்கிறோம்' என்று நடுவில் ஏதாவது வந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது முடிவு அல்ல. ஏற்றோம் அல்லது மறுத்தோம் என்று சொல்வதுதான் முடிவு.

இப்போது ஆப் கதைக்கு வருகிறேன். அதைப் பற்றி நான் பேசாமல் போனால் உங்களுக்கு மனம் ஆறாது.

அன்று அந்தத் தெருவில் நடந்ததைக் கொஞ்சம் டிக்கெட் எழுதிய அலுவலரின் பக்கம் நின்று பாருங்கள். அவர் கையில் போன் மாதிரி ஒரு கருவி. உங்கள் காரின் நம்பரை அதில் போடுகிறார். அந்த நம்பருக்குக் கட்டணம் எதுவும் இல்லை என்று அது காட்டுகிறது. கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பப் பார்க்கிறார், அப்போதும் இல்லை. முன்னாலிருந்து ஒரு படம், பின்னாலிருந்து ஒரு படம், கட்டணப் பலகையைச் சேர்த்து ஒன்று, பிறகு டிக்கெட். நீங்கள் கட்டிய 2.80 பவுண்ட் அதே கணினியில் வேறொரு நம்பருக்குக் கீழே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பழைய காரை வாங்கியவர் அன்று அங்கே வந்திருந்தால் அவருக்கு இரண்டு மணி நேரம் சும்மா கிடைத்திருக்கும். அலுவலருக்கு இது எதுவுமே தெரிய வழியில்லை. கமிஷன் என்று கேட்டிருந்தீர்கள். எத்தனை டிக்கெட் எழுதினார் என்பதை வைத்து அலுவலருக்கோ ஒப்பந்தக்காரருக்கோ பணம் கொடுக்கக் கூடாது என்று அரசு வழிகாட்டுதல் சொல்கிறது. அவர் மேல் கோபப்படுவது வீண்.

சட்டத்தில் இது குற்றமா இல்லையா என்றால், பெரும்பாலான கவுன்சில்களின் போக்குவரத்து ஆணையில் 'அந்த வாகனத்துக்கு' கட்டணம் கட்டியிருக்க வேண்டும் என்ற பொருளில்தான் எழுதியிருக்கும். இன்னொரு வாகனத்துக்குக் கட்டிய காசு அந்த வரிக்குள் வராது. 'கட்டணம் கட்டாமல்' என்றுதானே டிக்கெட் சொல்கிறது, நான்தான் கட்டினேனே என்று வாதாடலாம்; நடுவர் அந்த ஆணையை எடுத்து வாசிப்பார், அதில் எழுதியிருப்பதைப் பொறுத்துத் தீர்ப்பு எப்படியும் போகலாம். நான் அதை நம்பி வீட்டை அடகு வைக்க மாட்டேன்.

அப்படியானால் நியாயம் என்று ஒன்று இல்லையா? இருக்கிறது, ஆனால் அது கவுன்சிலின் மேசையில்தான் இருக்கிறது. விதி மீறப்பட்டிருந்தாலும் மனிதாபிமானம் பார்த்து ரத்து செய்யும் உரிமை கவுன்சிலுக்கு எப்போதும் உண்டு. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், 'இது எங்கள் கொள்கை' என்று கண்ணை மூடிக்கொண்டு மறுக்கக் கூடாது என்று வழிகாட்டுதலும் சொல்கிறது. தீர்ப்பாய நடுவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பாவம் என்று அவர் டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது. ஆனால் வலுவான காரணம் இருப்பதாகத் தெரிந்தால், ரத்து செய்யுங்கள் என்று கவுன்சிலுக்குப் பரிந்துரைக்கலாம். பரிந்துரை வந்தால் கவுன்சில் 35 நாளுக்குள் மறுமொழி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதையும் ஏற்றதாகவே கணக்கு. ஆகவே வங்கி அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இரண்டாவது வாதமாகப் பின்னால் வரட்டும்.

மகன் சொன்னதில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. ஜனவரி 6 அன்று நீங்கள் என்னிடம் வந்திருந்தால், 25 பவுண்டைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். அன்று உங்கள் கையில் ஆப் கதை மட்டும்தான் இருந்தது, அது பாதிக்குப் பாதி. நீங்கள் கோபத்தில் கட்டாமல் விட்டது இன்று அதிர்ஷ்டமாக முடிந்திருக்கிறது. மற்றவர்கள் இதைப் பார்த்துப் பழகக் கூடாது.

ஆனால் இன்றைய கணக்கு வேறு. சலுகை போய்விட்டது. இன்று கட்டினாலும் 50, முறையிட்டுத் தோற்றாலும் 50. முறையீட்டுக்கு ஒரு பென்னிகூடக் கட்டணம் இல்லை. வேண்டுமென்றே தொல்லை கொடுக்கிற, அடியோடு நியாயமில்லாத ஆட்களிடம்தான் நடுவர் செலவுத்தொகை வசூலிப்பார். நாள் எண்ணி எழுதுகிறவரிடம் அல்ல. போவதென்றால் ஒரு மாலை நேரம்தான் போகும். அத்துடன், கட்டிவிட்டால் கதை அத்தோடு முடிந்தது. கட்டிய பிறகு முறையிட வழியில்லை. 'இப்போதைக்குக் கட்டி வைப்போம், பிறகு திருப்பி வாங்கலாம்' என்று நினைத்து வாசலை அடைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

மச்சானுக்கு வருவோம். அவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் இந்த ஆலோசனை உங்களை ஒரு குழியில் தள்ளும். கவுன்சில் மறப்பதில்லை, கணினிக்கு மறதி கிடையாது. மறுப்புக் கடிதத்துக்குப் பிறகு நீங்கள் கட்டவும் இல்லை, முறையிடவும் இல்லை என்றால் 'சார்ஜ் சர்டிபிகேட்' என்ற தாள் வரும். 50 பவுண்ட் 75 ஆகும். அதையும் விட்டால் நார்தாம்ப்டனில் இருக்கிற போக்குவரத்து வசூல் மையத்தில் அதைக் கடனாகப் பதிவார்கள், அதற்கு ஒரு கட்டணம் ஏறும். பிறகு பெய்லிஃப், அதாவது கடனை வசூலிக்க வருகிறவர். அவருடைய முதல் கடிதத்துக்கு ஒரு கட்டணம், வீட்டு வாசலுக்கு வந்து நின்றால் இன்னொன்று, இரண்டும் சேர்ந்தாலே 300 பவுண்டைத் தாண்டும். 2.80 பவுண்டில் தொடங்கிய கதை.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீடு மாறினார். கரண்ட், காஸ், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லா இடத்திலும் முகவரியை மாற்றினார், காரின் பதிவுப் பத்திரமான லாக் புக்கைத் தவிர. நோட்டீஸ் டு ஓனர் பழைய வீட்டுக்குப் போனது, அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் அங்கேதான் போனது. ஒரு நாள் காலை வேலைக்குப் போக வெளியே வந்தால் முன்சக்கரத்தில் மஞ்சள் பூட்டு. கடிதமே கைக்கு வரவில்லை என்கிறவர்களுக்கு டி.ஈ.9 என்று ஒரு படிவம் உண்டு. நாள் கடந்திருந்தால் டி.ஈ.7ஐயும் சேர்த்து நார்தாம்ப்டனுக்கு அனுப்ப வேண்டும். ஒப்புக்கொண்டார்கள் என்றால் வழக்கு பின்னால் போய் மறுபடி தொடங்கும். அவருக்கு அது கிடைத்தது, ஆனால் அதற்குள் அவர் பட்ட பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. அது உண்மையைச் சொல்லிக் கையெழுத்து வைக்கிற படிவம். கடிதம் வந்தும் வரவில்லை என்று அதில் எழுதினால் டிக்கெட்டைவிடப் பெரிய சிக்கலில் மாட்டுவீர்கள். இதை மச்சானுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் புதிதாகக் கார் வாங்கியவர், உங்கள் லாக் புக்கில் பெயரும் முகவரியும் சரியா என்று இன்றைக்கே பாருங்கள்.

சரி, முறையிடுவது எப்படி?

லண்டனுக்கு வெளியே இருக்கிறபடியால் உங்களுக்கு 'டிராஃபிக் பெனல்டி டிரைபியூனல்'. லண்டன்காரர்களுக்கு 'லண்டன் டிரைபியூனல்ஸ்' தனி. அங்கே தண்டப்பணமும் உங்கள் ஊரைவிட நன்றாக அதிகம், 56 நாள் விதி மட்டும் ஒன்றுதான். இரண்டும் கவுன்சிலுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. நடுவர்கள் சட்டத்தரணிகள். அவர்கள் தருகிற தீர்ப்பைக் கவுன்சில் ஏற்றே ஆக வேண்டும். மறுப்புக் கடிதத்தோடு, முறையிடுவது எப்படி என்ற விவரமும் இணையத்தில் உள்ளே போவதற்கு ஒரு குறியீடும் வந்திருக்கும். கடிதம் கையில் சேர்ந்ததிலிருந்து உங்களுக்கு 28 நாள். ஏப்ரல் 9ஐ முதல் நாளாக எடுத்தால் மே 6 கடைசி. ஆனால் கவுன்சிலின் பிந்தலைக் காட்டி வெல்லப் போகிறவர் தானே பிந்தக் கூடாது. இந்த வார இறுதியிலேயே முடித்துவிடுங்கள்.

எழுத வேண்டியது ஐந்தாறு வரிதான். மகனை ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், கட்டித் தொலையச் சொன்னதற்குப் பரிகாரமாக இருக்கட்டும். முதல் வரி: நோட்டீஸ் டு ஓனருக்கு எதிரான என் ஆட்சேபம் பிப்ரவரி 4 அன்று இணையத்தில் சேர்ப்பிக்கப்பட்டது, ஒப்புதல் மின்னஞ்சல் இணைப்பு 1. அடுத்தது: 56 நாள் மார்ச் 31 அன்று முடிந்தது, அதற்கு முன் எந்த முடிவும் எனக்குக் கிடைக்கவில்லை, மின்னஞ்சலிலும் தேடிப் பார்த்தேன். பிறகு: மறுப்புக் கடிதத்தின் திகதி ஏப்ரல் 7, இணைப்பு 2. ஆகவே 2022 விதிகளின்படி என் ஆட்சேபம் ஏற்கப்பட்டதாகிறது, இந்தத் தண்டத்தைக் கேட்க இனி வழியில்லை, நடைமுறையும் மீறப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கோடு விட்டு, இது ஏற்கப்படாவிட்டால் என்று தொடங்கி, ஆப் விஷயத்தை மூன்று வரியில் சொல்லுங்கள்: கார் மாற்றிய திகதி, 2.80 பவுண்ட் போன நேரம், எந்த நம்பருக்குப் போனது. வங்கி அறிக்கை, ஆப்பின் ரசீது, பழைய காரை விற்றதற்கான தாள், இவை இணைப்புகள்.

மிருதங்கத்தை எழுத வேண்டாம். 22 வருடம் ஒழுங்காக வரி கட்டுகிறேன் என்பதையும், கவுன்சில் குழிகளை மூடுவதில்லை என்பதையும் எழுத வேண்டாம். பெரிய எழுத்தில் அச்சடித்து ஆச்சரியக்குறி போடவும் வேண்டாம். நடுவர் திகதிகளைத் தேடிக்கொண்டு வாசிப்பார். அவர் தேடுகிறது முதல் வரியிலேயே கிடைக்கட்டும்.

ஒப்புதல் மின்னஞ்சலை திகதியும் நேரமும் தெரிகிற மாதிரிப் படம் பிடியுங்கள். ஏப்ரல் 7 கடிதம் வந்த உறை இன்னும் குப்பைக்குப் போகவில்லை என்றால் எடுத்து வையுங்கள், தபால் முத்திரை இருந்தால் அதுவும் சாட்சி. நோட்டீஸ் டு ஓனரையும் முழுதாக ஏற்றுங்கள், அதன் பின்பக்கத்தையும் சேர்த்து.

போனிலோ வீடியோவிலோ நடுவரிடம் பேச விரும்பினால் கேட்கலாம். தாள்களை வைத்தே முடிவு செய்யச் சொல்லியும் விடலாம். உங்கள் வழக்குக்குத் தாளே போதும் என்பது என் எண்ணம். முறையீடு போனதும் கவுன்சில் தன் ஆவணங்களைப் போட வேண்டும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் கோப்பைத் திறந்து நாள் எண்ணிப் பார்த்து, நாங்கள் எதிர்க்கவில்லை என்று எழுதிவிட்டுப் போகவும் வாய்ப்பு இருக்கிறது. இப்படி நடுவரிடம் போகாமலே முடிகிற வழக்குகள் நிறைய.

இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு வேறு சிலரும் எழுதுவதால் ஒன்று: உங்கள் டிக்கெட்டில் 'பெனல்டி சார்ஜ் நோட்டீஸ்' என்று இருக்கிறதா, 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் பி.சி.என். என்றுதான் சுருக்குவார்கள், இரண்டும் மஞ்சள் உறையில் வரலாம். முதலாவது கவுன்சிலுடையது, நான் சொன்னதெல்லாம் அதற்குத்தான். இரண்டாவது சூப்பர்மார்க்கெட், ஆஸ்பத்திரி வளாகம் போன்ற இடங்களில் தனியார் கம்பனி அனுப்புகிற பில். அதற்கு வேறு விதிகள், வேறு முறையீடு. இந்த 56 நாளை அங்கே கொண்டுபோய் நீட்டாதீர்கள். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐயா, இன்றிரவு இரண்டு வேலை. ஆப்பைத் திறந்து பழைய காரை அழியுங்கள். இன்னும் அங்கேதான் இருக்கும், அதுவும் முதலாவதாக. அடுத்தது ஸ்பாம் பெட்டி. அதில் மார்ச் மாதத்து மறுப்பு ஏதும் கிடந்தால் தீர்ப்பாயத்துக்கு ஒன்றும் அனுப்ப முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், ஆப் கதையை முன்னால் போட்டு முறையீட்டை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.